டிப்-டாப் வந்துட்டான்

“டிப்-டாப் வந்துட்டான்! ஏ குழலி, ஏ காசி, எல்லாரும் ஓடியாங்க! டிப்-டாப் வந்துட்டான்!”

கூச்சலோடு ஒரு பித்தளைச் சொம்பும் வாசலுக்குப் பறந்து வந்தது. உதயகுமாரின் தோளில் பட்டு, மழை ஈரத்தில் உருண்டு, எதிர் வீட்டுச் சாக்கடை ஓரம் போய் நின்றது. அடுத்த நொடி கதவு அறைந்து சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

உதயகுமார் தோளைத் தேய்த்துக்கொண்டே தெருவில் நின்றான். ஒரு கையில் ஆப்பிள் பை. மறு கையில் குடை. கோடு போட்ட சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டு பெல்ட் கட்டியிருந்தான். கழுத்தில் ஒரகடத்துக் கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து நேராக வந்திருந்தான். இதே வீட்டில் பிறந்து, இதே வாசலில் கோலி ஆடி வளர்ந்தவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

பிள்ளையார்பாளையத்தின் அந்தச் சந்தில் இந்தக் கூச்சலுக்கு இப்போதெல்லாம் யாரும் ஓடி வருவதில்லை. எதிர் வீட்டுக் காசிநாதன் மட்டும் தறியை விட்டு எழுந்து, ஜன்னல் கம்பிக்கு இடையில் முகத்தை வைத்தான்.

“இன்னா டிப்-டாப்பு, இன்னிக்கும் மாட்டிக்கினியா?”

“சும்மா இருண்ணே.”

“போன வாரம் தொடப்பம். இந்த வாரம் சொம்பு. அடுத்த வாரம் அம்மிக்கல்லுதான். ஹெல்மெட்டு போட்டுக்கினு வாப்பா.”

பக்கத்து வீட்டு ஏலவார்குழலி வெளியே வந்தாள். சொம்பை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

“உனக்கு எல்லாம் வெளையாட்டுதான் காசி. போய் நெசவ பாரு. நீ வா தம்பி, நம்மூட்டுல உக்காரு. மழ வேற பிடிச்சிக்கப் போவுது. உங்கம்மா கொஞ்சம் அடங்கட்டும்.”

“அப்பா எங்கக்கா?”

“உள்ளதான் இருக்காரு. தறிக் குழியில தண்ணி ஊறிக்கிது. கேக்கல? எறைச்சிக்கினு இருக்காரு.”

கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் வாளி மோதும் சத்தம், தண்ணீர் கொட்டும் சத்தம். நடுநடுவே ஒரு முனகல். உதயகுமாரின் முகம் மாறியது.

“தண்ணி எறைக்கிறாரா? டாக்டர் ஒரு கொடம் கூட தூக்கக் கூடாதுன்னாரேக்கா!”

“நானும் சொன்னேன். பாவு நூலு நனைஞ்சிட்டா மொதலாளிக்கு யாரு பதில் சொல்றதுன்றாரு. எங்கூட்டுக்காரரும் ஊர்ல இல்ல.”

உதயகுமாரின் அம்மா கமலாட்சிக்கு இந்த மறதி வியாதி வந்து இரண்டு மூன்று வருடம் ஆகிறது. முதலில் உப்பை மறந்தாள். பிறகு கிழமையை மறந்தாள். அப்புறம் தன் தம்பி செத்துப்போனதை மறந்து, அவனுக்குத் தீபாவளித் துணி எடுக்க வேண்டும் என்று அழுதாள். மூளை நரம்பு பார்க்கிற டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது குறையாது, மெள்ளக் கூடத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டார். ஆனால் அவள் மறக்காமல் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. பேப்பர்.

அந்தக் காலத்தில் அந்தச் சந்துக்கே பேப்பர் வாசித்தவள் கமலாட்சிதான். தறியில் உட்கார்ந்தவனுக்குக் கண் நூலில், கை நாடாவில், கால் மிதியில். சும்மா இருப்பது காது மட்டும்தான். கமலாட்சி எட்டாவது படித்தவள். வாசல் வெளிச்சத்தில் ராட்டையை வைத்து நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே, முந்தின நாள் மாலைப் பேப்பரை மடியில் விரித்து உரக்க வாசிப்பாள். கணவன் கலியாணசுந்தரத்துக்காகத்தான் ஆரம்பித்தது. சுவர் தாண்டிக் கேட்ட பக்கத்து வீட்டுத் தறி ஒருநாள் நின்றது. “அக்கா, இன்னும் கொஞ்சம் சத்தமா!” என்று குரல் வந்தது. அதிலிருந்து அவள் மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாசிக்கப் பழகிவிட்டாள்.

அரசியல் செய்திக்குத் தறி நிற்காது. தங்கம் விலைக்குச் சற்றே மெதுவாகும். “டிப்-டாப் ஆசாமி கைவரிசை” என்று அவள் தலைப்பை இழுத்தால் மட்டும் மூன்று வீட்டுத் தறியும் ஒரே சமயத்தில் நிற்கும்.

“பட்டப்பகலில் துணிகரம். டிப்-டாப் உடையணிந்த ஆசாமி ஒருவன் வீட்டில் தனியாக இருந்த பெண்ணிடம், அம்மா குடிக்கத் தண்ணீர் கொடுங்கள் என்று நைசாகப் பேசி…”

“அய்யய்யோ! குடுத்துட்டாளா?” என்று குழலியின் மாமியார் சுவருக்கு அப்பாலிருந்து கத்துவாள்.

“குடுத்துட்டாளே! நகையத் தூக்கிக்கினு கம்பி நீட்டிட்டான்!”

அந்தக் காலத்துப் பேப்பர்க்காரர்களுக்கு அந்த வார்த்தையின் மேல் தனிப் பிரியம். கைலி கட்டியவன் திருடினால் அவன் வெறும் திருடன். சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, வாட்ச் கட்டி, சென்ட் அடித்துக்கொண்டு வந்தவன் திருடினால் அவன் டிப்-டாப் ஆசாமி. அவனுக்குப் பெயர் கிடையாது. ஊர் கிடையாது. எந்த ஊரில் எவன் ஏமாற்றினாலும் ஒரே ஆள்தான் திரும்பத் திரும்ப வருவதுபோல் இருக்கும். நகைக்குப் பாலிஷ் போடுவான். பேங்கில் பணம் எண்ணித் தருகிறேன் என்பான். மெட்ராஸ் கடையிலிருந்து ஆர்டர் கொண்டு வந்திருக்கிறேன் என்று புடவையை வாங்கிப்போவான். எல்லாவற்றுக்கும் முதலில் “அம்மா” என்பான்.

அதனால் அந்தச் சந்தில் யாரையும் டிப்-டாப்பாக இருக்கிறாய் என்று சொல்லிப் பாராட்ட முடியாது. சண்டைக்கு வந்துவிடுவார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போட்டிருந்தான் என்பதற்காகவே கீழண்டை வீட்டில் ஒரு சம்பந்தம் தட்டிப்போனது.

இப்போது பேப்பரில் அந்த ஆளைக் காணோம். ஓடிபி கேட்கிறான், லிங்க் அனுப்புகிறான். திருடனுக்கு உடையே தேவையில்லாமல் போய்விட்டது. ஆனால் கமலாட்சியின் தலைக்குள் இருந்த எத்தனையோ முகங்கள் அழிந்துபோக, அந்த முகமில்லாதவன் மட்டும் அப்படியே தங்கிவிட்டான். ஒவ்வொரு வாரமும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, “அம்மா” என்று கூப்பிட்டபடி வாசலில் வந்து நின்றான்.

உதயகுமார் முயலாமல் இல்லை. ஒரு தடவை டீ-ஷர்ட்டும் அரை டிராயருமாக வந்தான். “இன்னிக்கு வேஷம் மாத்திக்கினு வந்திருக்கான், உஷாரு!” என்று அதற்கும் கத்தினாள். இன்னொரு தடவை அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து, கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லி அவளைக் காரில் ஏற்றினார்கள். ரங்கசாமி குளத்துச் சிக்னலில் கார் நின்றதும் கண்ணாடியைப் படபடவென்று தட்டி, “கடத்துறான், கடத்துறான்!” என்று அலறினாள். கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் கார் சாவியைப் பிடுங்கினான். நாலு பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். இவங்க எங்கம்மா என்று உதயகுமார் சொல்லச் சொல்ல, கூட்டம் அவளைக் கேட்டது. “இவன் யாருன்னே தெரியாதுப்பா” என்றாள் அவள். கலியாணசுந்தரம் கையெடுத்துக் கும்பிட்ட பிறகும் விடவில்லை. கடைசியில் ஆதார் கார்டைக் காட்டி, தாய்க்குத் தான் மகன் என்று நடுரோட்டில் நிரூபிக்க வேண்டியிருந்தது.

அந்தச் சண்டைக்கெல்லாம் காரணம் கலியாணசுந்தரத்தின் அடிவயிறு. குடல் இறங்கியிருந்தது. பெல்ட் கட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தார். குடல் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியாகிவிட்டது. இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள். இரண்டு தடவையும் அவர் போகவில்லை. கமலாட்சியை எங்கே விடுவது? குழலி ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வாள், ராத்திரி பகலாக முடியாது. செவிலிமேட்டில் மகன் வீட்டில் எல்லா வசதியும் இருந்தது. மருமகள் தேவிப்ரியா, “கூட்டிக்கினு வாங்க, நான் ஸ்கூலுக்கு லீவு போடுறேன்” என்று எப்போதோ சொல்லிவிட்டாள். மகன் வாசலைத் தாண்டி உள்ளே வர முடிந்தால்தானே கூட்டிக்கொண்டு போக. வருகிற புதன்கிழமை, மூன்றாவது தடவையாகக் கொடுத்த தேதி.

சுவருக்கு அந்தப் பக்கம் வாளி தடாலென்று விழுந்தது. பிறகு சத்தமே இல்லை.

குழலி வீட்டில் உட்கார்ந்திருந்த உதயகுமார் எழுந்தான். “அக்கா, மாமா கைலி ஏதாவது இருந்தா குடு.”

“எதுக்கு தம்பி?”

“பேன்ட்டோட குழியில எறங்க முடியாது. கொல்லப்பக்கமா போறேன்.”

சட்டையைக் கழற்றினான். அடையாள அட்டை, வாட்ச், பெல்ட், போன் எல்லாம் குழலியின் அரிசி டிரம் மேல் வரிசையாக உட்கார்ந்தன. பனியனும் சாயம் போன கைலியுமாகக் கொல்லைச் சுவரைத் தாண்டிக் குதித்தான். மழை நன்றாகவே பிடித்துக்கொண்டது.

உள்ளே, தறிக் குழியின் ஓரத்தில் கலியாணசுந்தரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. குழியில் முழங்கால் அளவுக்குக் கலங்கல் தண்ணீர். ஐப்பசி பிறந்தால் இந்தத் தெருவில் பாதித் தறிகளின் கதி இதுதான். மேலே இருந்து ஒரு சொட்டு ஒழுகாது. கீழே பூமி தானாக ஊறும். பாவு நூலை உயரத் தூக்கிக் கட்டி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருந்தார். பாதி நெய்த மஞ்சள் புடவை அதற்குள் மங்கலாகத் தெரிந்தது.

“எங்கடா வந்த? அவ பாத்தா…”

“பாத்தா பாக்கட்டும். எழுந்திரு நீ. வலிக்குதா?”

“சுருக்குன்னுச்சு. இப்ப விட்டுடிச்சி.”

“இன்னொரு வாட்டி விடலன்னா?”

கலியாணசுந்தரம் வாளியை நகர்த்திக் கொடுத்தார். மகன் குழிக்குள் இறங்கி இறைக்க ஆரம்பித்தான். மிதிக்கட்டை காலில் இடித்தது. சேறு முழங்கால் வரை ஏறியது. கொஞ்ச நேரத்தில் பனியன், முகம், தலைமுடி எல்லாம் கலங்கல் நிறமாகிவிட்டன.

கமலாட்சி சமையலறையிலிருந்து வந்தாள். மகன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவள் குழிக்கு அருகே வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

“இது யாரு?”

“தண்ணி எறைக்க கூப்ட்டேன்” என்றார் கலியாணசுந்தரம். “கோதண்டம்.”

“எந்த கோதண்டம்?”

“செவிலிமேடு.”

“அந்தாண்ட வாரி ஊத்துப்பா” என்றாள் அவள், குழியைப் பார்த்து. “இந்தாண்ட ஊத்துனா திரும்ப ஊறும். வந்துட்டான் பாரு வேல தெரியாத ஆளு.”

“சரி” என்றான் உதயகுமார்.

அவ்வளவுதான். கூச்சல் இல்லை. சொம்பு பறக்கவில்லை. அவள் சாவகாசமாக உள்ளே போய்விட்டாள். அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் கால் வைத்து எத்தனையோ மாதமாகிவிட்டது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சுவரில் தன் கல்யாணப் போட்டோ இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

“போட்டோ எங்கப்பா?”

“எடுத்துட்டேன். அத பாத்தாலும் கத்துறா. கோட்டு சூட்டு போட்டுக்கினு நிக்கிறயே.”

குழி வற்றியபோது பிற்பகல் மூன்று மணி தாண்டியிருந்தது. கொல்லையில் கை கால் கழுவிக்கொண்டு அவன் புறப்படப் பார்த்தான்.

“எங்க போற? வேல செஞ்ச ஆளு சாப்புடாம போவக் கூடாது. உக்காரு” என்றாள் கமலாட்சி.

கலியாணசுந்தரம் காலையில் வைத்த மொச்சைக்கொட்டைப் புளிக்குழம்பு. அப்பளத்தை மட்டும் இப்போது பொரித்தார். தட்டை அவளே வைத்தாள். சோற்றைப் போட்டாள். மறந்துபோய் இன்னொரு தடவை போட்டாள். அவன் மறுக்கவில்லை. அவள் கையால் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணாமல் இருப்பதற்காக வேகவேகமாகச் சாப்பிட்டான்.

“மெதுவா சாப்புடு. யாரும் புடுங்கிக்கப் போறதில்ல. உனக்கு அம்மா இருக்காங்களா?”

அவன் வாயில் சோறு நின்றது. “இருக்காங்க.”

“சோறு போடுறியா?”

“என்கூட வரமாட்றாங்க.”

“ஏன், நீ குடிப்பியா?”

“இல்ல.”

“அப்ப பொண்டாட்டி சரியில்ல.”

“அதுவும் நல்ல பொண்ணுதான்.”

“அப்ப அந்தக் கெழவிக்குத்தான் திமிரு” என்றாள் கமலாட்சி. சிரித்தாள். முன்பற்கள் இரண்டு இல்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்து அவனும் சிரித்தான். கலியாணசுந்தரம் எழுந்து போய், ஒன்றும் ஆகாத தறியை ஏதோ சரி செய்வதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இப்போது கேட்டுவிட வேண்டும் என்று உதயகுமாருக்குத் தோன்றியது. “அம்மா” என்று நாக்கு நுனி வரை வந்தது. தறியிலிருந்து அப்பா சட்டென்று திரும்பி, வேண்டாம் என்று தலையசைத்தார். டிப்-டாப் ஆசாமி முதலில் சொல்வது அந்த வார்த்தையைத்தான்.

“பெரிம்மா” என்றான்.

“சொல்லு.”

“பெரியவருக்கு புதன்கெழம ஆபரேஷன் இருக்குது. ஆஸ்பத்திரியில இருக்கணும். அவரு திரும்பி வர்ற வரைக்கும் நீ எங்கூட்ல வந்து இருக்கியா? எம் பொண்டாட்டி நல்லா பாத்துக்கும். செவிலிமேடுதான். கிட்டத்தான்.”

அவள் கணவனைப் பார்த்தாள். “ஏங்க, இவன் நல்லவனா?”

“நல்லவன்” என்றார் அவர். “எனக்குத் தெரியும்.”

“பாத்தாலே தெரியுது. மேலுக்கு ஒரு சட்ட கூட இல்ல, பாவம்.” சற்று யோசித்தாள். “வரேன். ஆனா காரு கீரெல்லாம் வேணாம். அதுல ஏத்திக்கினு போயி எங்கியாவது தள்ளிடுவானுங்க. பஸ்ல போவலாம்.”

“பஸ்லயே போவலாம் பெரிம்மா.”

“நீயேதான் வரணும். வேற ஆள அனுப்பாத.”

“நானேதான் வருவேன்.”

“இதே மாதிரி வா. அவ்ளோ தூரம் போவணுமேன்னு மினுக்கிக்கினு வராத.”

காரியம் முடிந்துவிட்டது. மூன்றாவது தேதி தவறாது. செவிலிமேட்டு வீட்டில் சோபா, டிவி, ஏசி இருந்தன. அந்த வீட்டுக்குள் இனி அவன் கைலியும் பனியனுமாகத்தான் நடமாட வேண்டும். கம்பெனிக்குக் கிளம்பும்போது மாடிப்படிக்கு அடியில் ஒளிந்து சட்டை மாட்டிக்கொண்டு, பின் வாசல் வழியாகப் போக வேண்டும். தேவிப்ரியாவிடம், என்னை உதயா என்று கூப்பிடாதே, கோதண்டம் என்று கூப்பிடு என்று சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று அவன் மனசுக்குள் வாக்கியம் கூட்டிக்கொண்டிருந்தான். கலியாணசுந்தரம் அவன் அருகே வந்து, தட்டில் இன்னொரு அப்பளத்தை வைத்தார்.

கமலாட்சி அதற்குள் ஒரு மஞ்சள் பையை எடுத்து, மாற்றுப் புடவையை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். புதன்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. திடீரென்று கை நின்றது. வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“தாப்பா போட்டிருக்குதா?”

“போட்டிருக்குது” என்றார்.

“அவன் அங்கயும் வருவானே.”

“யாரு பெரிம்மா?” என்றான் உதயகுமார்.

“டிப்-டாப்பு. வாரா வாரம் வரான்பா. பழம்லாம் வாங்கிக்கினு வரான். எதுக்கு வரான்னே தெரியல. இந்த வூட்ல இன்னா இருக்குது எடுத்துக்கினு போவ?”

“அங்க வந்தா நான் பாத்துக்கறேன். அவன் எப்படி இருப்பான்னு சொல்லு.”

“வுடுடா” என்றார் கலியாணசுந்தரம், அடித் தொண்டையில். “சாப்ட்டு எழுந்திரு.”

அவன் எழுந்திருக்கவில்லை. கமலாட்சி பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவனுக்கு வெகு அருகில் குந்தி உட்கார்ந்தாள். சேறு காய்ந்து வெடித்திருந்த அவன் முகத்துக்குக் கிட்டே தன் முகத்தைக் கொண்டுவந்து, கணவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள்.

“யார்கிட்டயும் சொல்லாத. அவன் அச்சு அசலா எம் புள்ள உதயா மாதிரியே இருப்பான்பா. அதே மூஞ்சி, அதே கொரலு. அம்மான்னு கூப்புட்டான்னா என் கை தானா தாப்பாளுக்குப் போயிடுது. அதுக்காவத்தான் சொம்பத் தூக்கி அடிக்கிறேன்.”